சுமப்பவர் செய்யும் வேலை சுழியா?

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

"தலையில் சுமையுடன் சமதளத்தில் நடந்து செல்லும் கூலியாள் செய்யும் வேலை எவ்வளவு?" இயற்பியல் பயின்ற எவரும் இந்த இரண்டு மதிப்பெண் வினாவை மறந்திருக்க முடியாது. விடை சுழி. புவியீர்ப்பு விசை கீழ்நோக்கிச் செயல்படுகிறது, இடப்பெயர்ச்சியோ கிடைத்திசையில். இடைக்கோணம் 90 பாகை, அதன் கொசைன் சுழி, எனவே வேலையும் சுழி. நானும் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன்தான்.

என் அம்மா சித்தாள். சும்மாடு வைத்துச் செங்கல் சுமப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஒரு மாலையில் இந்த விடையை அவரிடம் விளக்கினேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டு, "இத மேஸ்திரிகிட்ட மட்டும் சொல்லிடாதப்பா, கூலியையும் சைபர்னு போட்டுருவாரு" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

சூத்திரத்தில் பிழையில்லை. மனிதன் நடப்பதைப் பற்றி அந்த வினா வரைந்துகொண்ட படத்தில்தான் பிழை. சக்கரம் கட்டிய பெட்டியைப் போல மனிதன் வழுக்கிச் செல்வதாக அது எண்ணுகிறது. நண்பர்களே, ஒரு பென்சிலை இடுப்போடு சேர்த்துப் பிடித்து, வெள்ளைத்தாள் ஒட்டிய சுவரோரமாக நடந்து பாருங்கள். கோடு நேராக வராது, அலை அலையாக வரும். விடுதி நண்பன் ஒருவனை நடக்கவைத்து நான் இதைக் கண்டேன்.

ஊன்றிய கால் ஒரு தலைகீழ் ஊசல். பாதத்தை மையமாகக் கொண்டு உடல் ஒரு வில்லின்மேல் ஏறி இறங்குகிறது. உச்சியில் நிலையாற்றல் மிகுகிறது, வேகம் குறைகிறது; இறங்கும்போது இது தலைகீழாகிறது. இந்தப் பரிமாற்றத்தால், இயல்பான வேகத்தில் ஏறத்தாழ 65 விழுக்காடு ஆற்றல் மிச்சமாகிறது. எஞ்சியதை ஒவ்வோர் அடியிலும் தசைகள் புதிதாகக் கொடுத்தாக வேண்டும். முன்கால் தரையில் மோதும்போது இழப்பதைப் பின்கால் உந்தி ஈடுசெய்கிறது. இறங்கும்போது உடலைத் தாங்கிப் பிடிக்கவும் தசை ஆற்றலைச் செலவிடுகிறது. புவியீர்ப்பு திருப்பிக் கொடுத்துவிடலாம். முழங்கால் திருப்பி வாங்கிக்கொள்வதில்லை.

அம்மா ஒரு நடைக்கு எட்டுச் செங்கல் சுமக்கிறார். கல் ஒன்று மூன்று கிலோ என்றால் 24 கிலோ. அடிக்கு 4 சென்டிமீட்டர் ஏற்றம் என்று கொண்டால், அந்தச் சுமையை மட்டும் உயர்த்த ஓர் அடிக்கு 9 ஜூலுக்குமேல் ஆகிறது. ஆயிரம் அடிக்கு 9,000 ஜூலைத் தாண்டும். அதில் ஒரு பகுதி ஊசலில் மீண்டாலும் மிச்சம் சுழியல்ல.

இன்னொன்றும் கவனித்தேன். சுமையிருக்கும்போது அம்மா குட்டை அடிகளாக வைக்கிறார். ஏற்றம் அடிநீளத்தின் இருமடிக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருப்பது. அடியை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் ஏற்றம் பாதிக்கும் கீழே போய்விடும். அடிகளின் எண்ணிக்கை கூடினாலும், கடக்கும் தொலைவுக்கான மொத்த ஏற்றம் குறையவே செய்யும். இந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரு பக்கம் தேவைப்பட்டது.

அறிஞர்கள் இதை ஆராயாமலில்லை. கென்யாவின் லுவோ, கிக்குயு இனப் பெண்கள் உடல் எடையில் 20 விழுக்காடு வரை சுமந்தாலும் அவர்களது ஆக்சிஜன் செலவு கூடவில்லை என்று 1986-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. சுமையோடு நடக்கும்போது அவர்களது ஊசல் பரிமாற்றம் மேலும் செம்மையாகிறது என்று 1995-இல் காரணம் காட்டினார்கள். ஆனால் 2010-இல் தென்னாப்பிரிக்காவின் கோசா இனப் பெண்களிடம் செய்த ஆய்வில் அந்தச் சலுகை பொதுவாகக் காணப்படவில்லை. சரி, கென்யக் கணக்கையே ஏற்போம். அம்மாவின் எடை 45 கிலோ. அதில் 20 விழுக்காடு 9 கிலோ. மூன்று செங்கல் இலவசம். மீதி ஐந்து?

தேர்வுக்கு எளிய எடுத்துக்காட்டு வேண்டும் என்பார்கள். உண்மைதான். வழவழப்பான தளத்தில் உருளும் வண்டியைச் சொல்லட்டுமே! கூலியாளைத்தான் சொல்வோம் என்றால், 'புவியீர்ப்புக்கு எதிரான நிகர வேலை' என்று வினாவைத் திருத்தி, தசை செலவிடும் ஆற்றல் வேறு என்று ஒரு வரி சேர்க்கட்டும். ஒரு வரிதான் கேட்கிறேன். அந்த வகுப்பில் சித்தாள் வீட்டுப் பிள்ளை நான் ஒருவன் மட்டும் இருக்க மாட்டேன்.

அடுத்த தேர்விலும் இதே வினா வரலாம். இரண்டு மதிப்பெண்ணை விட்டுவிட எனக்கு வசதியில்லை. சுழி என்றே எழுதுவேன். அதன் கீழே அந்த அலைக்கோட்டையும் வரைந்து, 24 கிலோ என்று குறித்துவிட்டு வருவேன்.