ராமானுஜன் கணக்குப் போட்டார்

சீனிவாச ராமானுஜன் யாரிடமும் கற்காதவர். குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னதை அப்படியே எழுதி வைத்தவர். இப்படித்தான் மேடைதோறும் பேசுகிறோம். கேட்க இனிக்கும் இந்தக் கதை அவருடைய உழைப்பையும் அவருக்குத் தோள்கொடுத்தவர்களையும் ஒருசேர மறைத்துவிடுகிறது. கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்தபோதே லோனியின் முக்கோணவியல் நூலைக் கரைத்துக் குடித்தவர் அவர். 1903 வாக்கில் கார் என்பவர் தொகுத்த நூல் கைக்கு வந்தது. சுமார் ஐந்தாயிரம் முடிவுகள் கொண்ட அந்நூலில் நிறுவல்கள் மிகக் குறைவு; அவற்றைத் தானே போட்டுப் பார்த்துத்தான் தேற வேண்டும். காகிதம் வாங்கக் காசில்லாததால் சிலேட்டில் கணக்கிட்டு, அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதினார். நோட்டுகளில் சூத்திரங்கள் வானத்திலிருந்து விழுந்தவைபோலத் தோன்றுவதற்கு அழிந்துபோன அந்தச் சிலேட்டுக் கணக்குகளே காரணம்.

ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டி அவரைப் பார்க்க வந்த டாக்ஸியின் எண்ணான 1729-இன் கதையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். இரண்டு கனங்களின் கூட்டலாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று நோயுற்றுக் கிடந்த ராமானுஜன் உடனே சொன்னதை ஹார்டி பதிவு செய்திருக்கிறார்: 12³ + 1³ = 10³ + 9³. ஆனால், கனங்களின் கூட்டல் அவருக்குப் புதிதல்ல. 1913-லேயே இந்தியக் கணிதக் கழக இதழில் இதே இனத்துச் சமன்பாடு ஒன்றை வாசகர்களுக்குக் கேள்வியாக வைத்தார். 3³ + 4³ + 5³ = 6³ என்பது அதிலிருந்து கிடைக்கும் எளிய விடை. நொடியில் வந்த பதிலுக்குப் பின்னால் பல ஆண்டுப் பழக்கம் இருந்தது.

தாயாரின் அருள் என்று ராமானுஜனே சொன்னாரே என்று கேட்கலாம். அந்தப் பக்தி உண்மையானது, மதிக்க வேண்டியது. ஆனால், 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் பகா எண்களின் எண்ணிக்கை பற்றி அவர் கூறியது தவறாக இருந்தது. தேடுகிறவருக்குத்தான் இப்படித் தவறும்; சொல்லக் கேட்டு எழுதுகிறவருக்குத் தவற வழியில்லை. அவர் தனியாகவும் இல்லை. ராமசுவாமி ஐயர் 1907-ல் தொடங்கிய கணிதக் கழகத்தின் இதழ்தான் 1911-ல் அவருடைய முதல் கட்டுரையை வெளியிட்டது. துறைமுக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு வேலை பார்த்தவருடன் மேலதிகாரி நாராயண ஐயர் மாலைகளில் அமர்ந்து கணக்குப் போட்டார். எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தேறாதவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1913-ல் மாதம் எழுபத்தைந்து ரூபாய் உதவித்தொகை கொடுத்தது.

கனவில் வந்த கணிதம் என்ற கதை இளைஞர்களுக்கு ஊக்கம் தருகிறதே, இருந்துவிட்டுப் போகட்டும் என்பார்கள். அது ஊக்கத்தைக் கெடுக்கிறது என்பதே உண்மை. கணிதம் வரம் பெற்றவர்களுக்கே உரியது என்று நம்பும் மாணவி, முதல் தடுமாற்றத்திலேயே பேனாவை மூடிவிடுவாள். ராமானுஜனின் மேதைமையை உழைப்பு மட்டுமே விளக்கிவிடாது. உழைப்பை விட்டுவிட்டும் அதை விளக்க முடியாது. ஆசிரியர்களே, அவர் பிறந்த டிசம்பர் 22-ஐ தேசியக் கணித நாளாகக் கொண்டாடும்போது கனவுக் கதையோடு நிறுத்தாதீர்கள். அவருடைய சமன்பாடு ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, மாணவர்களைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.