மாடியில் நின்ற குடை

தங்கள் வீட்டு மொட்டை மாடியில் துருவேறிய பழைய டிஷ் ஆண்டெனா ஒன்று இன்னும் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறதா? அதனைத் தனியாளாய்க் கழற்றிவிடலாம் என்னும் எண்ணம் இருப்பின், ஸ்பேனரைக் கையில் எடுக்குமுன் இதனைப் படித்துவிடுங்கள்.

1991 வளைகுடாப் போரின்போது செயற்கைக்கோள் தொலைக்காட்சி நம் நாட்டில் பேச்சாயிற்று. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தபின் சிற்றூர்களிலும் குடைகள் முளைத்தன. 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அலை மிக மெலிந்தது. அதனை அள்ளிக் குவிக்கவே அத்தனை பெரிய வட்டம் தேவைப்பட்டது. 2003க்குப் பிறகு இரண்டடித் தட்டுகள் வீடுகளுக்கு வந்தன. கேபிள் தொழிலும் கண்ணாடி இழை வடத்துக்கு மாறிற்று. பெரிய குடைகள் கேட்பாரற்று நின்றன.

வ. புதுப்பட்டியில் எங்கள் வாடகை வீட்டு மாடியிலும் அப்படி ஒன்று. பத்தடி விட்டம், அலுமினிய வலையாலான இதழ்கள், கிழக்கே அண்ணாந்த முகம். வைத்தவர் தொழிலை விட்டுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. மழைக்கு முன் தளத்துக்குப் பூச்சு போட வேண்டியிருந்ததால், மதரஸா விடுமுறை நாளொன்றில் நானே ஏறினேன். கலைப் பட்டதாரிக்கு எந்திர அறிவு எதற்கு என்ற அலட்சியமும் கூடவே ஏறிற்று!

வலைதானே, காற்று புகுந்து போய்விடும் என்று நினைத்தேன். பத்தடிக் குடையின் பரப்பு ஏறத்தாழ 78 சதுர அடி. வலையாயினும் காற்றை அது தாங்கத்தான் செய்கிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஆடி மாதக் காற்று எப்படியிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அன்று காற்று அதிகமில்லை. பிழை என்னுடையது. எட்டும் பக்கத்திலிருந்தே வரிசையாய் மூன்று இதழ்களைக் கழற்றினேன். எதிர்ப்பக்கம் கனத்தது. துருவேறிய திருகுக் கம்பி ஒன்றே அந்தச் சாய்வைத் தாங்கிக் கொண்டிருந்தது. அது நழுவிய கணத்தில் மீதிக் குடை சுழன்று இறங்கி, என்னைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து அழுத்திற்று. சுவர் இடுப்பளவுதான். கீழே தெருவில் பிள்ளைகள் பம்பரம் விட்டுக் கொண்டிருந்தனர். தள்ளினால் குடை அவர்கள்மேல் விழும். விட்டால் நான் விழுவேன்.

துணி உலர்த்த வந்த என் மகள்தான் கூவினாள். எதிர்வீட்டுக் கொத்தனாரும் அவர் தம்பியும் ஓடி வந்து தூக்கினர். அல்ஹம்துலில்லாஹ், விலாவில் ஒரு கன்றலோடு போயிற்று. “என்ன பாய், ஒரு குரல் கொடுத்தால் வரமாட்டோமா?” என்றார் கொத்தனார். எனக்கு மறுமொழி இல்லை.

பிறகு மூவரும் செய்த முறையைச் சொல்கிறேன். முதலில் தெருவிலிருந்த பிள்ளைகளை அப்பால் அனுப்பினோம். குடையை இரு திசைகளில் கயிறிட்டுக் கட்டினோம். முகத்தை நேர் மேலே திருப்பினோம். காற்று அதன்மேல் முழுதாய் மோதாது. நடுவிலிருந்த அலைவாங்கியை அகற்றினோம். இதழ்களை எதிரெதிராக, ஒன்றுக்கு ஒன்றாய்க் கழற்றினோம். இறுகிய நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு மறுநாள் வரை பொறுத்தோம். சாய்வைத் தாங்கும் கம்பியைத் தொட்டது எல்லாம் இறங்கிய பின்னரே.

1975-76இல் நம் நாட்டில் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சி காட்டிய சோதனை நடந்தது. அங்கு வைத்த குடைகள் கோழிக்கூண்டு வலையால் ஆனவை என்று படித்திருக்கிறேன். எங்கள் குடையின் வலையைக் கொத்தனார் கேட்டு வாங்கிக் கொண்டார். இப்போது அவர் கொல்லையில் அதற்குள் ஆறு கோழிகள். மாடியில் சிமென்ட்டில் ஊன்றிய குழாய் மட்டும் நிற்கிறது. என் மகள் அதில் கொடி கட்டியிருக்கிறாள்.