எட்டுத் தூண்களும் மூன்று மலைகளும்

மாசி மகத்தன்று புதுச்சேரியின் வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும் உற்சவர்களில் மயிலம் முருகனும் உண்டு, செஞ்சி அரங்கநாதரும் உண்டு. ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் கடந்து கடலாட வரும் சாமிக்கு மாநில எல்லை ஒரு பொருட்டே அல்ல. செஞ்சிக் கோட்டையின் கதையைச் சொல்லும்போது மட்டும் நாம் அந்த எல்லையைக் குறுக்கே இழுத்துவிடுகிறோம். அது யாருடைய கோட்டை என்று கேட்டால் ஒருவர் தேசிங்கு ராஜன் என்பார், இன்னொருவர் சிவாஜி என்பார். புதுச்சேரி என்று யாரும் சொல்வதில்லை, புதுச்சேரிக்காரர்கள் உட்பட.

2025 ஜூலையில் மராத்தியரின் ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருப்பவை, எஞ்சிய ஒன்று செஞ்சி. அந்தப் பெயர் இல்லாவிட்டால் இந்தப் பெருமையே கிடைத்திருக்காது என்பார்கள். உண்மைதான், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் மராத்தியர் செஞ்சியை ஆண்டது 1677 முதல் 1698 வரை, வெறும் 21 ஆண்டுகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்த அந்தப் பெருங்கோட்டைக்குள் இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் கல்யாண மகாலும் நெற்களஞ்சியங்களும் பெரும்பாலும் அதற்கு முந்தைய நாயக்கர் காலத்தவை. தேசிங்கு ஆண்டதோ சில மாதங்கள். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டான். நாட்டுப்பாடல் அவனுக்குக் கொடுத்த ஆயுள் வேறு கணக்கு.

புதுச்சேரியின் தலையெழுத்து செஞ்சியில் எழுதப்பட்ட நாளும் ஒன்று உண்டு. முகலாயப் படை சூழ்ந்திருக்க, மராத்திய மன்னர் ராஜாராம் அந்தக் கோட்டைக்குள் இருந்துகொண்டே 1693இல் புதுச்சேரியை டச்சுக்காரர்களுக்கு விற்றார். பிரெஞ்சுக்காரர்கள் அதைத் திரும்பப் பெற 1699 வரை ஆனது. முகலாயருக்கு எட்டாண்டு தண்ணி காட்டிய அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். மலை மாறவில்லை, காவலின் தரம் மாறியிருந்தது. பிறகு 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது, ஏப்ரலில் செஞ்சியும் பணிந்தது. கடற்கரை நகரம் விழுந்தபின் அதன் மலைக்கோட்டை நிற்க வழியில்லை.

செஞ்சியில் பத்தாண்டு இருந்துவிட்டுப் போன பிரெஞ்சு அந்நியருக்கு இந்த வரலாற்றில் என்ன இடம் என்று கேட்கலாம். அவர்களைப் புகழ்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்கள் பிரெஞ்சுக்காரர் காலத்தில் செஞ்சியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. அங்குள்ள வேங்கடரமணர் கோயிலுக்குரியவை என்பார்கள். 1761இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கியபின் எழுந்த நகரம் இது. நாம் பிரெஞ்சுப் பழமை என்று காட்டும் வீடுகளுக்கெல்லாம் அந்தத் தூண்கள் மூத்தவை. கொள்ளையடித்த பொருள் என்றால் கொள்ளை என்றே சொல்வோம், ஆனால் சொல்ல வேண்டும்.

தூண்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வாரும் உண்டு. இத்தனை காலம் உப்புக்காற்று குடித்த கல்லை மறுபடி பெயர்த்தால் இன்னொரு சேதம்தான் மிஞ்சும். அதைவிடத் தூண்கள் எங்கிருந்து வந்தன என்று கடற்கரையில் ஒரு பலகையும், எங்கே போயின என்று செஞ்சியில் ஒரு பலகையும், நடந்து போகிறவர் நின்று படிக்கும் அளவுப் பெரிய எழுத்தில், இரு அரசுகளும் தொல்லியல் துறையும் சேர்ந்து வைக்கலாம்.