மாடியில் காயும் மின்சாரம்

போன இதழில் இன்வெர்ட்டர் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், நம் சகோதரிகள் பல பேர் வீட்டு மொட்டை மாடியில் சூரிய மின் தகடுகள் ஏறிவிட்டன என்று தெரிகிறது. ஏறினதற்கப்புறம் என்ன செய்வது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். "தகடும் போட்டாச்சு, பேட்டரியும் வாங்கியாச்சு. ஆனால் பில் சொன்ன அளவுக்குக் குறையவில்லை. ராத்திரி கரண்ட் போனால் பதினொரு மணிக்கெல்லாம் பேட்டரி கூங் கூங் என்று கத்துகிறது" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் ஒருத்தர் கேட்டது பத்துப் பேர் கேட்ட மாதிரி.

நான் என்ஜினீயர் இல்லை. பள்ளிப் படிப்போடு நின்றவள். ஆனாலும் மூன்று வருஷமாக அந்தப் பெட்டியோடு குடித்தனம் நடத்துகிறேனே! பொருத்த வந்தவர்கள் எல்லாவற்றையும் இவரிடம்தான் விளக்கினார்கள். வீட்டில் எந்த நேரத்தில் எந்த சுவிட்ச் போடுகிறோம் என்பது காலையில் எட்டரைக்குக் கிளம்பி ராத்திரி திரும்புகிறவருக்குத் தெரியுமா, நமக்குத் தெரியுமா, சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது 2 கிலோவாட் தகடு, 150 ஆம்பியர் அவர் பேட்டரி இரண்டு. நல்ல வெயில் நாளில் ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கும். ஆக, எங்களுக்கு எட்டு. பேட்டரிக் கணக்கு தனி. 12 வோல்ட்டை 150-ஆல் பெருக்கினால் 1800, அதாவது ஒரு பேட்டரியில் 1.8 யூனிட். இரண்டிலும் சேர்ந்து 3.6 யூனிட். ஆனால் தண்ணீர் ஊற்றுகிற இந்த ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுசு குறையும். ஆகவே கைக்கு வருவது 1.8 யூனிட்தான். புதிதாக வரும் லித்தியம் பேட்டரியில் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, முக்கால் பங்குக்கு மேலும் எடுக்கலாம், வருஷக்கணக்கில் கூடுதலாக உழைக்கும். விலைதான் மலைக்க வைக்கிறது.

மாடியில் எட்டு யூனிட், மாடிப்படிக்கு அடியில் இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. வெயிலை வெயில் இருக்கும்போதே செலவழித்துவிட வேண்டும். பேட்டரியில் இருப்பது கடுகு டப்பாவில் முடிந்து வைத்த பணம் மாதிரி, தினம் காய்கறிக்காரரிடம் எடுத்து நீட்டக் கூடாது.

பல வீடுகளில் நடப்பது என்ன? காலை ஆறு மணிக்கு மோட்டார், ஏழுக்கு மிக்ஸி, அவசர அவசரமாக இஸ்திரிப் பெட்டி. பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று ஏறும்போது வீட்டில் ஃப்ரிட்ஜைத் தவிர ஒன்றும் ஓடாது. சாயங்காலம் சூரியன் இறங்கினதும் கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் ஆரம்பம். மாடியில் காய்ந்ததை விட்டுவிட்டு இருட்டில் வாங்கித் தின்கிற கதை! இருவழி மீட்டர் உள்ள வீட்டில் மிச்சம் வாரியத்தின் கம்பிக்குப் போய்க் கணக்கில் கழியும், அதனால் நஷ்டம் அவ்வளவாகத் தெரியாது. அந்த மீட்டர் இல்லாத வீட்டில், பேட்டரி நிரம்பின பிறகு வருகிற வெயிலெல்லாம் வீண்.

நான் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை 'வெயில் நேரம்' என்று வைத்துக்கொண்டேன். மோட்டார் பத்தரைக்கு. அது நின்றதும் வாஷிங் மெஷின். பிறகு பள்ளிக்கூட யூனிபாரம் ஐந்து செட்டையும் ஒரே நாளில் இஸ்திரி. எல்லாவற்றையும் ஒன்றாகப் போடாதீர்கள். இஸ்திரிப் பெட்டி 1000 வாட் இழுக்கும். ஒரு குதிரைசக்தி மோட்டாரும் கிட்டத்தட்ட அவ்வளவு, அதுவும் கிளம்புகிற அந்த ஒரு நிமிஷத்தில் பல மடங்கு கேட்கும். 2 கிலோவாட் என்று பெயரே தவிர, நடைமுறையில் நண்பகலில் ஒன்றரைதான் வருகிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் பெட்டி கப்சிப் என்று நின்றுவிடும். வாட்டர் ஹீட்டர் 2000 வாட். அதை இன்வெர்ட்டர் பக்கம் சேர்க்கவே கூடாது, தனி லைனில் இருக்கட்டும்.

மாவு அரைப்பதில்தான் எனக்கும் கொஞ்சம் யோசனையாக இருந்தது. கிரைண்டருக்கு 150 வாட்தான், வெயிலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பகல் பதினொரு மணிக்கு அரைத்தால் சித்திரை வெயிலில் சாயங்காலத்துக்குள் பொங்கி வழிந்து, காலை இட்லி புளிப்பேறிப் போகுமே! காலை எட்டு மணிக்கு ஊறப் போட்டு, இரண்டு மணிக்கு ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்துவிடுகிறேன். உப்புப் போட்டுக் கரைத்து வைத்தால் கோடையில் ராத்திரி ஒன்பதுக்குள் பொங்கிவிடும், அப்போதே ஃப்ரிட்ஜுக்குள் போய்விடும். மார்கழியில் விடியும்வரை வெளியிலேயே இருக்கட்டும். இட்லி பஞ்சாகத்தான் வருகிறது, மாமியாரே ஒப்புக்கொண்டார்.

இப்போது பேட்டரிக்கு வருகிறேன். இதில் ஒரு விஷயம் யாரும் சொல்வதில்லை. அந்தப் பெட்டியில் 'முதலில் எது, அடுத்து எது' என்று ஒரு அமைப்பு உண்டு. சூரியன், பேட்டரி, வாரியத்தின் மின்சாரம் என்று வரிசை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், பில் குறையட்டும் என்று. விளைவு? வெயில் இறங்கினதும் பேட்டரி ஓட ஆரம்பிக்கும். டி.வி., நாலு ஃபேன் என்று பத்து மணிக்கெல்லாம் வற்றிவிடும். அதற்கப்புறம் கரண்ட் போனால் வீடு இருட்டு. தினம் தினம் வற்றி நிறைவதில் பேட்டரியும் சீக்கிரம் கிழடு தட்டிவிடும். மிச்சம் பிடிக்கிற சில ரூபாய்க்கு இது கட்டாது என்பது என் அபிப்பிராயம். இருவழி மீட்டர் உள்ளவர்கள் சூரியன், வாரியம், கடைசியில் பேட்டரி என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். பொருத்தியவரைக் கூப்பிட்டால் ஐந்து நிமிஷ வேலை.

நான் இதில் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் என் மாமியார். அத்தைக்கு ஆஸ்துமா. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் மன்னார்குடிப் பக்கம் கம்பமெல்லாம் சாய்ந்து, எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரம் ஆயிற்று. ஒரு ராத்திரி மூச்சு இழுப்பு வந்து, நெபுலைசர் கையில் இருந்தும் போட வழியில்லாமல், ஜெனரேட்டர் உள்ள வீட்டுக்கு அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். வழி முழுக்க விழுந்த மரம். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. நெபுலைசருக்குப் பிரமாதமாக மின்சாரம் வேண்டாம், 150 வாட்டில் கால் மணி நேரம். கணக்குப் போட்டால் ஒரு யூனிட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அது இருக்க வேண்டுமே! அதனால்தான் எங்கள் வீட்டில் பேட்டரி பாதிக்குக் கீழே போனால் டி.வி. கிடையாது என்று சட்டம். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். ஆஸ்துமாக்காரர் உள்ள வீட்டில் கரண்ட் வேண்டாத இன்ஹேலரும் ஸ்பேசரும் தலைமாட்டில் இருக்க வேண்டும். எப்படி உபயோகிப்பது என்று டாக்டரிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர் இருந்தால் பேட்டரி லைனில் ஃப்ரிட்ஜும் இருக்கட்டும்.

பேட்டரி நீண்ட நேரம் தாங்க வேண்டுமா? ஃபேனை மாற்றுங்கள். பழைய ஃபேன் ஒன்று 75 வாட். நாலு ஓடினால் 300 வாட், நம் 1.8 யூனிட் ஆறு மணி நேரம்கூட வராது. பி.எல்.டி.சி. என்று கேட்டால் 30 வாட் ஃபேன் கொடுப்பார்கள். அதே நாலு ஃபேன் 120 வாட்டில் விடிய விடிய ஓடும். இன்னொரு பேட்டரி வாங்குகிற காசை இதில் போடலாம்.

மாதம் ஒரு தடவை பேட்டரியில் தண்ணீர் பார்க்க வேண்டும். மிதவை கீழே இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரும் ஆகாது, குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் ஆசிட் பொங்கி வழியும். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்தால் ஆளைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்து வாஸலைன் தடவச் சொல்லுங்கள். சார்ஜ் ஏறும்போது இந்தப் பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கக்கூடிய வாயு வரும். மாடிப்படிக்கு அடியில் பேட்டரி, பக்கத்திலேயே சுவாமி மாடம், அதில் குத்துவிளக்கு என்று ஒரு வீட்டில் பார்த்துப் பதறிவிட்டேன். காற்றோட்டமான இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். ஆசிட் கண்ணில் தெறித்தால் கால் மணி நேரமாவது தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

தகட்டின் எதிரி நிழல். ஒரு மூலையில் விழுகிற நிழல்கூட, சேர்ந்தாற்போல் கோர்த்திருக்கிற மற்றத் தகடுகளையும் இழுத்துவிடும். தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டு முருங்கை, நாம் கட்டுகிற துணிக்கொடி... புடவையை எங்கே உலர்த்துகிறோம் என்று ஒரு நாள் மணிக்கு ஒரு தடவை மாடி ஏறிப் பாருங்கள். எங்கள் கொடியை வடக்குப் பக்கம் மாற்றினேன், வடாம் பாயும் கூடவே நகர்ந்தது. தூசியும் காக்கை எச்சமும் படிந்தால் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மெல்லிய துணியால் துடைக்கலாம். அதிகாலையில் செய்யுங்கள். சூடேறின கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். உப்பு நீர்க் கிணறு உள்ளவர்கள் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள், வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். சோப்புத் தூளும் தேய்க்கிற நாரும் வேண்டாம்.

சித்திரையில் வெயில் கொளுத்துகிறதே, மின்சாரம் கொட்டுமே என்றால் அதுதான் இல்லை. தகடு சூடேறினால் உற்பத்தி நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறையும். எங்களுக்கு மாசி, பங்குனிதான் உத்தமம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சில நாள் இரண்டு யூனிட் வந்தாலே பெரிது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டரி இல்லாமல் வாரியத்தின் லைனோடு மட்டும் இணைக்கிற வகை, கரண்ட் போனால் பட்டப்பகலிலும் நின்றுவிடும். அது பழுதல்ல, கம்பத்தில் ஏறி வேலை செய்கிற ஊழியர் மேல் நம் வீட்டு மின்சாரம் பாயாமல் இருப்பதற்கான ஏற்பாடு. எங்கள் அடுத்த தெரு அக்காவுக்கு இதைச் சொல்லாமலே விற்றுவிட்டார்கள். அவர் வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருக்கிறார், பாவம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். அது தகட்டின் கணக்குக்குத்தான். பேட்டரிச் செலவு நம்முடையது, அதையும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே வாரிய மின்சாரத்தில் பேட்டரியை முழுக்க ஏற்றிவிடுங்கள். மேகம் மூடினால் தகட்டை நம்ப முடியாது. சட்டத்தின் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புயல் ஓய்ந்த பிறகு கண்ணாடி உடைந்திருந்தாலோ, கம்பி அறுந்து கிடந்தாலோ கிட்டே போகாதீர்கள். கீழே சுவிட்சை அணைத்தாலும் வெளிச்சம் பட்டால் தகட்டிலிருந்து வரும் கம்பியில் மின்சாரம் இருக்கும். ஆள் வந்து பார்த்துச் சரி என்ற பிறகு போட்டால் போதும், அதுவரை மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.