வென்றவன் ஏடும் வெந்தவன் குரலும்

வாள் நிறுத்திய இடத்தில் எழுத்தாணி தொடங்குகிறது. களத்தில் வீழ்ந்தவனை வாள் ஒரு முறைதான் கொல்லும். வென்றவனின் புலவனோ, வீழ்ந்தவன் வாழ்ந்த தடத்தையே துடைத்து, அவனை மறுமுறையும் கொல்வான். அரசர் வரலாறு என்று நம் கைக்கு வந்து சேரும் ஏடுகளில் மிகப் பல, இந்த இரண்டாம் கொலையின் சான்றுகள். அவற்றைக் கைகூப்பிப் படிப்பதா, கண் திறந்து படிப்பதா என்பதே இன்று நம் பள்ளிகளின் முன்னும் படிப்பகங்களின் முன்னும் நிற்கும் கேள்வி.

கைகூப்பிப் படிப்பதே நமக்குப் பழக்கமாகிவிட்டது. சோழன் கடல் கடந்தான் என்றதும் கை தட்டுகிறோம். பாண்டியன் பகைவன் ஊரை எரித்தான் என்றதும் மீசையை முறுக்குகிறோம். எரிந்தது எவர் கூரை என்று ஒருவன் கேட்டுவிட்டால், அவன் தமிழுக்குப் பகைவன்! கேட்கத் தெரியாத இனம் ஆளவும் தெரியாத இனம் என்பதை மறந்துவிடுகிறோம். கேட்கக் கற்றுக்கொண்ட ஒரு நாட்டின் கதையை முதலில் காண்போம். பிறகு வைகைக் கரைக்கு வருவோம்.

1066ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், ஹேஸ்டிங்ஸ் போரில் ஆங்கில மன்னன் ஹெரால்டு வீழ்ந்தான். கடல் கடந்து வந்த நார்மண்டிக் கோமகன் வில்லியம் வென்றான். அவ்வாண்டு டிசம்பர் 25ஆம் நாள் முடி சூடிக்கொண்டான். அரண்மனையில் பிரெஞ்சு மொழி அமர்ந்தது. மடத்தில் இலத்தீன் அமர்ந்தது. ஆங்கிலம் உழவன் குடிசைக்குள் ஒதுங்கிற்று. நிலமோ நார்மன் பிரபுக்களின் கைக்குப் போயிற்று. இந்த வெற்றியைப் பாட ஆள் கிடைக்காமலா போகும்? வில்லியத்திடம் குருவாக இருந்த, புவாத்தியே வில்லியம் என்று பெயர் பெற்ற ஒருவர், தம் தலைவனைச் சீசரோடு ஒப்பிட்டு இலத்தீனில் ஒரு புகழ்நூல் எழுதினார். சம்பளம் வாங்கியவர், சம்பளத்துக்கு உரிய வேலையைச் செய்தார். அதில் வியப்பில்லை.

வியப்பு மற்றொருவரிடம் இருக்கிறது. ஆர்டெரிக் வைட்டாலிஸ் என்பது அவர் பெயர். தாய் ஆங்கிலப் பெண், தந்தை பிரெஞ்சுக்காரர். பத்து வயதில் கடல் கடந்து நார்மண்டியின் மடம் ஒன்றில் துறவியாகச் சேர்ந்து, வாழ்நாளெல்லாம் நார்மன் சோற்றை உண்டவர். வில்லியத்தின் ஆற்றலைப் பல இடங்களில் மெச்சியவர். ஆயினும் 1069–70ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்தை எழுத வரும்போது அவர் எழுதுகோல் திரும்பி நிற்கிறது. வடபகுதியில் கிளர்ச்சி எழுந்தது என்பதற்காக வில்லியத்தின் படை விளைச்சலைக் கொளுத்திற்று. உழவு மாட்டை வெட்டிற்று. குற்றம் செய்தவனும் செய்யாதவனும் ஒருசேரப் பட்டினியில் மாண்டனர். இச்செயலைப் பாராட்டத் தம்மால் இயலாது, இது தண்டனைக்குரிய கொலை என்று அந்தத் துறவி எழுதிவைத்தார். இலட்சம் பேர் மாண்டனர் என்று அவர் தரும் கணக்கு மிகை என்பர் இன்றைய ஆய்வாளர் பலர். எண் மிகையாக இருக்கலாம், இரக்கம் மிகையன்று.

இன்னொரு சான்று ஆங்கில மொழியிலேயே உண்டு. ஆல்பிரடு மன்னன் காலத்தில் தொடங்கிய ஆண்டுக் குறிப்பேடு, நார்மன் ஆட்சி வந்த பின்னும், பீட்டர்பரோ மடத்தில் 1154ஆம் ஆண்டுவரை ஆங்கிலத்திலேயே தொடர்ந்தது. வில்லியம் இறந்த 1087ஆம் ஆண்டின் குறிப்பை எழுதியவர் அவன் அவையிலேயே இருந்தவர். அவனுடைய நன்மையையும் எழுதினார். கோட்டை கட்ட ஏழையை வாட்டியதையும், மானுக்காகச் சட்டம் செய்து மனிதனை வதைத்ததையும் எழுதினார். 1086இல் வில்லியம் நாட்டையே அளந்து, ஆடு மாடுவரை எண்ணச் செய்து தொகுத்த கணக்கேடோ அரசனின் கணக்கேடுதான். ஆனால் அதுவே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. வடபகுதியின் ஊர் ஊராக, பெயருக்கு எதிரே ‘பாழ்’ என்று எழுதியிருக்கிறது! புகழ்நூல் மறைத்ததைக் கணக்கேடு காட்டிக்கொடுத்தது.

இவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டுப் படித்ததால்தான் அந்நாட்டு அறிஞர் உண்மையின் பக்கம் நெருங்கினர். மடங்கள் தங்கள் நிலத்துக்குச் சான்றாக நீட்டிய பட்டயங்களில் பொய்ப் பட்டயங்களும் உண்டு என்று அவர்களே கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னார்கள். அதனால் அவர்கள் நாட்டுப்பற்று கரைந்துவிடவில்லை.

இனி, நம் மண்.

வில்லியம் நாட்டை அளந்த அதே 1086ஆம் ஆண்டில் சோழன் முதலாம் குலோத்துங்கனும் நிலம் அளக்கச் செய்தான் என்பர் கல்வெட்டு ஆய்ந்தோர். அந்நாளில் பாண்டிய நாடும் சோழன் கொடியின்கீழ் இருந்தது. அதற்கு முன்பே மதுரையை வென்ற பராந்தகனுக்கு ‘மதுரை கொண்டவன்’ என்பதே பட்டம். கொண்டவன் பெயர் கல்லில் இருக்கிறது. கொள்ளப்பட்ட ஊரில் அன்றிரவு அழுதவர் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?

சக்கரம் சுழன்றது. 1216ஆம் ஆண்டு முடி சூடிய மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழ நாட்டின்மேல் பாய்ந்தான். தஞ்சையும் உறந்தையும் தீக்கிரையாயின. அவனுடைய மெய்க்கீர்த்தியைப் படியுங்கள். மாடங்கள் இடிந்ததும், குளத்து மலர்கள் அழகிழந்ததும், பகைவர் மனையைக் கழுதை பூட்டி உழுததும் அங்கே அடுக்கடுக்காக வருகின்றன. அழுதோர் கண்ணீரும் ஆறாக ஓடுகிறது. இரக்கத்தால் ஓடவில்லை, வெற்றிக்கு அணியாக ஓடுகிறது! சோழ நாட்டில் யாவற்றையும் இடித்தவன், பட்டினப்பாலை பாடிய புலவனுக்குக் கரிகாலன் அளித்த பதினாறு கால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டு பாராட்டுகிறது. தமிழைப் போற்றினான் என்று நாமும் நெகிழ்கிறோம். மண்டபத்துத் தூண் பிழைத்தது. தூணைச் சுற்றி வாழ்ந்த தமிழன் பிழைத்தானா? நார்மன் சோறுண்ட துறவிக்கு இருந்த நெஞ்சம், பாண்டியன் சோறுண்ட புலவனுக்கு ஏன் இல்லாமற் போயிற்று?

“அக்காலப் போர் அப்படித்தான், இக்கால அளவுகோலால் அளக்கலாகாது” என்பர் சிலர். ஆர்டெரிக் எக்காலத்தவர்? சுந்தர பாண்டியனுக்கும் ஒரு நூற்றாண்டு முற்பட்டவர்! அவ்வளவு தொலைவு ஏன்? கிள்ளிவளவன், பகைவன் மலையமானின் பிள்ளைகளை யானைக்காலில் இடத் துணிந்தபோது, குறுக்கே நின்று அந்தக் குழந்தைகளை மீட்டவர் கோவூர்கிழார். அவர் கையில் வாளில்லை. நாவில் தமிழ் இருந்தது. அரசனை எதிர்த்துக் கேட்கும் அளவுகோல் நம் வீட்டிலேயே இருந்தது. மெய்க்கீர்த்திப் புலவர்கள் அதைத் தொலைத்துவிட்டார்கள். தொலைத்ததைத் தேடுவது தமிழ்ப் பகையா, தமிழ்த் தொண்டா?

இனி, ஒரு செப்பேடு. பாண்டியன் நெடுஞ்சடையன் காலத்து, ஏறத்தாழ 770ஆம் ஆண்டின் வேள்விக்குடிச் செப்பேட்டில் ஒரு வழக்கு இருக்கிறது. கொற்கையைச் சேர்ந்த நற்சிங்கன் என்னும் அந்தணர் அரசன்முன் முறையிடுகிறார். முன்னொரு காலத்தில் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி தம் முன்னோருக்கு வேள்விக்குடியை வழங்கினான். களப்பிரர் வந்து அதைப் பறித்துக்கொண்டனர். மீட்டுத் தரவேண்டும் என்கிறார். நாட்டாரைக் கொண்டு மெய்ப்பிக்கச் சொன்னான் அரசன். அவ்வாறே மெய்ப்பித்து நிலத்தைப் பெற்றார். களப்பிரரைக் கடுங்கோன் வென்று பல தலைமுறை கழிந்த பிறகு எழுந்த முறையீடு இது!

இந்த ஓர் ஏட்டின் வசைச்சொல்லைப் பெரிதும் நம்பியே, களப்பிரர் காலம் இருண்ட காலம் என்று தலைமுறை தலைமுறையாகப் பாடம் சொல்லப்பட்டது. எவருக்கு இருண்ட காலம்? தானநிலம் இழந்தவருக்கு இருண்டிருக்கும். அந்நிலத்தில் உழுதவனுக்கும் இருண்டதா? செப்பேடு சொல்லாது, அவனை அது அழைக்கவே இல்லை. வழக்கில் வென்றவர் எழுதிக்கொண்ட வாசகத்தை வைத்து, எதிர்த்தரப்பை விசாரிக்காமல், ஓர் ஆட்சிக்கே தீர்ப்பு எழுதிவிட்டோம். களப்பிரர் காலத்தது என்று அறிஞர் பலர் கருதும் பூலாங்குறிச்சிக் கல்வெட்டோ நிலத்தின்மீது இன்னின்னாருக்கு இன்னின்ன உரிமை என்று வரையறுத்துப் பேசுகிறது. இருட்டில் இருந்தவர்கள் இப்படி எழுதுவார்களா?

தஞ்சைப் பெரிய கோயிலின் கணக்கும் இத்தகையதே. இராசராசனின் கல்வெட்டில் வரி நீக்கிய இடங்களைப் பட்டியலிடும்போது, பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்கள் வருகின்றன. புகழ்ப் பாட்டு பொன்மயமாக இருக்கிறது. கணக்கேடோ, ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சேரியை நம் கண்முன் நிறுத்துகிறது. வில்லியத்தின் ஏட்டில் ‘பாழ்’. இராசராசன் கல்லில் ‘தீண்டாச்சேரி’. படிக்கத் தெரிந்தவனுக்கு இந்த ஒரு சொல் ஒரு நூலகம்.

மூன்றாவதாக, மதவெறியர் மிக விரும்பிக் கையிலெடுக்கும் காலம் ஒன்று: பதினான்காம் நூற்றாண்டின் மதுரைச் சுல்தான்கள் காலம். அன்றைய மதுரைக்கு இரு சாட்சிகள் உண்டு. ஒருவர் கங்காதேவி: விசயநகர இளவரசன் குமார கம்பணனின் மனைவி. கணவனின் மதுரை வெற்றியை வடமொழியில் ‘மதுரா விசயம்’ என்னும் காப்பியமாகப் பாடியவர். மற்றவர் இபன் பதூதா: மொராக்கோ நாட்டுப் பயணி, மதுரைச் சுல்தான் கியாசுத்தீனுக்கு மைத்துனர் உறவினர், அவன் விருந்தினராக இங்கு வந்தவர்.

உறவினர் என்ன செய்தார்? பிடிபட்டவர்களைச் சுல்தான் கழுவேற்றியதையும், பெண்களையும் குழந்தைகளையும் வெட்டியதையும் நேரில் கண்டு, இத்தகைய கொடுமையை வேறெந்த மன்னனும் செய்து தாம் அறிந்ததில்லை என்று பதிவு செய்தார். அந்தப் பாவமே சுல்தானின் சாவை விரைவுபடுத்திற்று என்றும் சொன்னார். சொந்த மதத்தவன், சொந்த உறவினன், விருந்திட்டவன் என்று எதுவும் அவர் வாயை அடைக்கவில்லை. அவருக்கு நம் வணக்கம் உரியது.

மனைவி என்ன செய்தார்? மதுரையின் சீரழிவைப் பாடினார். கணவனின் வாளை வாழ்த்தினார். அதைமட்டும் மேடைதோறும் எடுத்தோதுகிறவர்கள், அதே காப்பியத்தில் கம்பணன் முதலில் வென்று கொன்றது யாரை என்று சொல்வதில்லை. தொண்டை மண்டலத்தை ஆண்ட தமிழ் வேந்தன் சம்புவராயனை! அந்த வாளும் வாழ்த்தப்படுகிறது. கொடுமைக்கு மதம் இல்லை. மதம் அதற்குப் போர்வை. சுல்தானின் கொடுமையை அவன் மைத்துனரே சொன்னார். மற்றவர் கொடுமையை அவரவர் வீட்டார் சொன்னார்களா என்பதே நாம் கேட்க வேண்டியது.

“தமிழரசர் குறையைத் தமிழனே சொன்னால் மாற்றான் நகைப்பானே” என்று கவலைப்படுவோர் உண்டு. மாற்றான் நகைப்பது நம் நேர்மையைக் கண்டு அன்று. நம் பொய்யைக் கண்டு. பாண்டியன் மூட்டிய தீயை மறைக்கிறவனுக்கு, பிறர் மூட்டிய தீயைச் சுட்டும் தகுதி ஏது? தமிழின் பெருமை அரசன் முடியில் தொங்கவில்லை. வைகையின் நீரைக் கண்மாய் கண்மாயாகத் தேக்கி, மேலூரும் திருமங்கலமும் சோறு உண்ண வழி செய்த கைகளில் இருக்கிறது அப்பெருமை. அந்தக் கைகளுக்கு மெய்க்கீர்த்தி இல்லை. நாம் எழுதாமல் வேறு எவர் எழுதுவது?

பள்ளியில் நாம் என்ன செய்கிறோம்? ஆண்டைக் கேட்கிறோம், பட்டப்பெயரைக் கேட்கிறோம், மதிப்பெண் இடுகிறோம். இனி நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்லிக் கொடுப்போம். எழுதியவன் யார்? எவன் சோற்றை உண்டு எழுதினான்? எவர் படிக்க, எம்மொழியில் எழுதினான்? எவரை எழுதாமல் விட்டான்? இந்த நான்கும் நாவில் பழகிய பிள்ளையை எந்தப் புராணமும் ஏய்க்க முடியாது.

செய்முறைக்கூடம் தொலைவில் இல்லை. ஒத்தக்கடையில் ஆனைமலை நிற்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மதுரையில் எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றினர் என்பதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணம் பெருமையாகப் பாடுகிறது. அதே மலையிலும், அழகர்மலையிலும், கருங்காலக்குடியிலும் அச்சணந்தி என்னும் சமண முனிவரின் பெயர், அதற்கும் பிற்பட்ட எழுத்தில், செதுக்கப்பட்டிருக்கிறது. சமணமே அழிந்துவிட்டதென்றால் இவர் எங்கிருந்து வந்தார் என்று ஒரு மாணவி கேட்பாள். கொலை நடந்ததோ இல்லையோ, கொலையைப் பெருமையாகப் பாடியது மெய் என்பதையும் அவளே கண்டுகொள்வாள். அந்த ஒரு கேள்வி, நூறு மனப்பாட விடைகளுக்குச் சமம்.

தமிழ்க் கல்வெட்டுப் படிகள் இருந்த அலுவலகம் 1966இல் உதகையை விட்டு மைசூருக்குப் போயிற்று. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர 2021இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. நன்று. ஆனால் படி வந்தால் போதாது, படிப்பவன் வேண்டும். வட்டெழுத்துப் படிக்கத் தெரிந்த ஆசிரியன் ஒவ்வொரு வட்டத்திலும் வேண்டும். படித்ததை அச்சமின்றிச் சொல்லும் துணிவும் அவனுக்கு வேண்டும்.

வென்றவன் தன் ஏட்டை எழுதிவிட்டுப் போய்விட்டான். வெந்தவன் குரல் கணக்கேட்டின் ஒரு சொல்லில், பாறையின் ஒரு கீறலில், அயலான் ஒருவனின் அருவருப்பில் இன்னும் கிடக்கிறது. குனிந்து எடுப்போம், கூட்டிப் படிப்போம், கூப்பிய கையை அவிழ்ப்போம்!