பெட்டிக்குள் இருப்பவர் யார்?

எங்கள் குடியிருப்பின் மேல்தளத்து நண்பர் வீட்டில் சென்ற மாதம் ஒரு சிறு கலகம் மூண்டது. அவருடைய புதல்வன் இங்கே கல்கத்தாவில் வைத்தியக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். மேல்வகுப்பு மாணவர் ஒருவரிடம் விலை பேசி வாங்கிய பெட்டி ஒன்றை அவன் வீட்டுக்குக் கொணர்ந்தான். திறந்தால் உள்ளே மனித எலும்புகள்! பூஜை அறைக்கு அடுத்த அறையில் இதை வைக்கலாகாது என்று தாயார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படிப்பென்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று தகப்பனார் வாதாடினார். ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி ஒருவர்தாம் நிதானமாகப் பெட்டியருகே அமர்ந்து, "ஏண்டா கண்ணு, இவர் யாரு?" என்று கேட்டார்.

'இது என்ன' என்று அவர் கேட்கவில்லை. 'இவர் யார்' என்று கேட்டார். ஒவ்வோர் எலும்புக்கும் லத்தீனப் பெயர் ஒப்பிக்கத் தெரிந்த பையனுக்கு இதற்கு விடை தெரியவில்லை.

அன்றிரவு எனக்கு லண்டனிலுள்ள ஹண்டேரியன் பொருட்காட்சிசாலை நினைவுக்கு வந்தது. அறுவை வைத்தியர்களின் ராஜாங்கக் கல்லூரியைச் சார்ந்த அந்தச் சாலையில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓர் எலும்புக்கூடு கண்ணாடிப் பேழைக்குள் நின்றது. உயரம் 7 அடி 7 அங்குலம். இவர் யார் என்று கேட்டால் அங்கே விடை உண்டு. பெயர் சார்லஸ் பைர்ன். அயர்லாந்தின் வட பகுதியில் 1761இல் பிறந்தவர். நோயினால் வளர்ந்த அந்த உயரத்தையே மூலதனமாகக் கொண்டு 1782இல் லண்டன் வந்தார். ஜனங்கள் காசு கொடுத்து அவரைப் பார்த்தார்கள். நம்மைப் போல் அவரும் பிழைப்பைத் தேடிப் பட்டணம் வந்தவர்தாம் என்பதை வாசகர்கள் மறக்கலாகாது. சேர்த்த பணம் திருட்டுப் போயிற்று, குடி பற்றிக்கொண்டது, 1783ஆம் ஆண்டு ஜூன் மாதம், இருபத்திரண்டே வயதில், ஊரும் உறவும் தொலைவிலிருக்க அவர் காலமானார்.

இறக்குமுன் அவரை வாட்டிய பயம் ஒன்றுண்டு. தம் உடலை உடற்கூற்று அறிஞர்கள் கைப்பற்றி அறுத்துவிடுவார்கள் என்பதே அது. அக்கால இங்கிலாந்தில் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவரின் பிணத்தை அறுப்பது சட்டம் விதித்த தண்டனையின் ஒரு பகுதி. குற்றமேதும் செய்யாத பைர்னுக்கு அந்தக் கதி நேரலாமா? ஆகவே, ஈயப் பெட்டியில் இட்டுத் தம்மை நடுக்கடலில் அமிழ்த்திவிடுமாறு நண்பர்களிடம் அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் ஜான் ஹண்டர் என்ற புகழ்பெற்ற அறுவை வைத்தியர் அந்த உடலின்மேல் கண் வைத்திருந்தார். 500 பவுன் கைமாறியது என்பர். கடலுக்குச் சென்றது வெறும் பெட்டிதான். உடல் ஹண்டர் வீட்டில் கொப்பரையில் வெந்து எலும்பாயிற்று. சில ஆண்டுகள் அதை மறைத்து வைத்திருந்து, பின்னரே அவர் வெளியே காட்டினார். மறைத்தாரல்லவா, அதிலிருந்தே அவருடைய மனச்சாட்சி சொன்னது இன்னதென்று ஊகிக்கலாம்.

இதற்கு மறுபக்கம் உண்டு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. 1909இல் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க நிபுணர் அந்த மண்டையோட்டைத் திறந்து பார்த்தார். மூளையடியில் பிட்யூட்டரி சுரப்பி அமரும் குழி பெரிதாகியிருந்தது. இராட்சத வளர்ச்சிக்கும் அச்சுரப்பியின் கட்டிக்கும் உள்ள தொடர்பை அது உறுதி செய்தது. 2011இல் பைர்னின் பற்களிலிருந்து எடுத்த மரபணுவை ஆராய்ந்தபோது, இன்று வட அயர்லாந்தில் வாழும் சில குடும்பங்களில் அதே மாறுதல் காணப்பட்டது. ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே மூதாதையிடமிருந்து அது வந்திருக்கலாமாம். இப்பொழுது அக்குடும்பத்துப் பிள்ளைகளைச் சோதித்து, நோய் முற்றுமுன் சிகிச்சை செய்ய முடிகிறது. பைர்னுக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேர வேண்டியதில்லை.

அந்த 2011ஆம் ஆண்டிலேயே, ஆராய்ச்சிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, இனியாவது அவரைக் கடலில் இடுங்கள் என்று ஓர் அறநெறிப் பேராசிரியரும் ஒரு சட்ட அறிஞரும் பிரிட்டிஷ் வைத்திய சஞ்சிகையில் எழுதினர். 2023இல் நிர்வாகிகள் ஒரு நடுவழி கண்டார்கள். எலும்புக்கூடு இனிக் காட்சிக்கு வைக்கப்படாது. ஆனால் ஆராய்ச்சிக்காகக் கல்லூரியின் பொறுப்பிலேயே இருக்கும். இது பாதி நியாயம் என்றே எனக்குப் படுகிறது. நாளை ஒரு புதிய சோதனை பிறக்கக்கூடும் என்பது மெய்தான். ஆயினும் அந்த 'நாளை'க்கு முடிவு ஏது? சோதனைகள் பிறந்துகொண்டேதான் இருக்கும். அந்த இளைஞர் கேட்டதோ ஒன்றே ஒன்று. இன்றைய ஆங்கிலச் சட்டம் இறந்தவரின் சம்மதத்தை வற்புறுத்துகிறது. நூறாண்டுக்கு முற்பட்ட எலும்புகளை மட்டும் அது விட்டுவிடுகிறது. பழையதாகிவிட்டால் சம்மதம் தேவையில்லையோ!

அருங்காட்சியகத்தில் ஜாஷுவா ரெய்னால்ட்ஸ் தீட்டிய ஹண்டரின் ஓவியம் இருக்கிறது. ஹண்டர் சிந்தனையில் ஆழ்ந்திருக்கிறார். மேல் மூலையில் நீண்ட இரு கால் எலும்புகள் தொங்குகின்றன. அவை பைர்னுடையவை. பேழையை அகற்றியாயிற்று, கால்கள் இன்னும் அங்கேதான்.

பைர்னுக்காவது பெயர் இருந்தது. நம் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய எலும்புக்கூடுகளுக்கு அதுவும் இல்லை. பல தலைமுறைகளாக மேல்நாட்டு வைத்தியக் கல்லூரிகளில் தொங்கியவற்றுள் பெரும் பகுதி இவ்வூர் வணிகர்கள் அனுப்பியவை. ஏழைகள், உரிமை கோருவாரற்றவர்கள், புதைகுழியிலிருந்து களவாடப்பட்டவர்கள் எல்லோரும் அவற்றுள் உண்டு. 1985இல் இந்திய அரசாங்கம் ஏற்றுமதியைத் தடுத்தது. போனவை போனவைதாம். அங்குள்ள அட்டைகளில் எலும்பின் பெயர் இருக்கும். எப்படி வந்தது என்பது இராது. அதையும் எழுதி வைக்க வேண்டும் என்பேன். 'இவர் சம்மதித்தாரா என்பது எமக்குத் தெரியாது' என்று எழுதுவதற்கு ஒரு வரி போதும்.

'உரிமை கோருவாரற்ற உடல்' என்ற சொற்றொடர் நம் போன்றவர்களை உறுத்த வேண்டும். 1949ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டமும் அதையொத்த பிற மாநிலச் சட்டங்களும் அத்தகைய உடல்களைக் கல்லூரிகளுக்கு அளிக்க வகை செய்கின்றன. யார் கோருவாரற்றவர்? ஹௌரா நிலையத்தில் மயங்கி விழும் கூலிக்காரருக்கு ஊரில் மனைவி மக்கள் இருப்பார்கள், தகவல்தான் போயிராது. நம் சங்கத்தார் சிலமுறை பிணவறைக்குச் சென்று, முகம் பார்த்து, தமிழர் என்று தெரிந்து ஊருக்குச் செய்தி அனுப்பியதுண்டு. அனுப்பத் தவறிய தடவைகள் எத்தனையோ!

உடல் கொடுப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. 2010இல் ஜோதி பாசு காலமானபோது, அவர் விருப்பப்படியே உடல் இங்குள்ள எஸ்.எஸ்.கே.எம். ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. கூடியிருந்த ஜனங்கள் அதை மரியாதையாகவே கண்டார்கள். அவர் கொடுத்தார், பைர்ன் மறுத்தார். இருவர் சொல்லும் சொல்தானே?

நண்பர் வீட்டுப் பாட்டி சென்ற வாரம் ஊருக்குப் புறப்பட்டார். போகுமுன் தம் பழைய பட்டுப்புடைவையில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்து, படிக்காத நேரத்தில் அவரை மூடி வைக்கச் சொன்னாராம். பெட்டி கட்டிலடியிலிருந்து மேசைமேல் ஏறியிருக்கிறது. ஆண்டு முடிந்ததும் அடுத்த மாணவனுக்கு விற்கத்தானே போகிறாய் என்று தகப்பனார் கேட்டிருக்கிறார். பையன் இன்னும் பதில் சொல்லவில்லை.