ஓட்டமா, நிறுத்தமா?

நம் சங்கத்தின் பொங்கல் விழாவானாலும் ஆண்டுப் பொதுக்குழுவானாலும், சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் இளைஞர்கள் ஒரு மூலையில் கூடிவிடுகிறார்கள். அவர்கள் பேச்சில் பாதி கார்களைப் பற்றியது. எந்தக் கார் பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடியில் எட்டுகிறது என்பதுதான் அவர்களுக்கு அளவுகோல். வேகத்தைப் பற்றிப் பேசுவது இளமைக்கு அழகு. அதில் எனக்குக் குறையில்லை. டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பெட்டிகளின் சக்கரத்தோடும் பிரேக்கோடும் காலம் தள்ளியவன் என்ற முறையில், அந்த அளவுகோல் பாதி அளவுகோல்தான் என்று சொல்ல விரும்புகிறேன். அதற்கு அவர்களே அடிக்கடி எடுத்துப் பேசும் ஒரு காரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் 2021இல் வெளியிட்ட ‘மாடல் எஸ் பிளேய்ட்’ என்ற மின்சாரக் கார்தான் அது. பார்வைக்கு நான்கு கதவுள்ள குடும்பக் கார். உள்ளே மூன்று மின்மோட்டார்கள். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. மொத்த ஆற்றல் 1,020 குதிரைத்திறன். எடையோ இரண்டு டன்னுக்கு மேல்.

ஜெர்மனியில் ஐஃபெல் மலைப்பகுதியில் நூர்பர்க் என்ற ஊரில் 1927இல் திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங் என்ற பந்தயத்தடம் ஒன்று இருக்கிறது. அதன் வடக்குச் சுற்று 20.832 கி.மீ. நீளம். எழுபதுக்கு மேற்பட்ட வளைவுகள். தாழ்ந்த இடத்துக்கும் உயர்ந்த இடத்துக்கும் சுமார் 300 மீட்டர் வித்தியாசம். உலகத்தின் கார் கம்பெனிகள் தங்கள் வண்டிகளைச் சோதித்துப் பார்க்கும் உரைகல் அது. 2021 செப்டம்பரில் பிளேய்ட் அங்கே ஒரு முழுச் சுற்றை 7 நிமிடம் 35.579 விநாடியில் முடித்தது. 2023இல் அதே காரின் இன்னொரு வடிவம், ‘டிராக் பேக்கேஜ்’ என்ற கூடுதல் சாமான்களோடு, 7 நிமிடம் 25.231 விநாடியில் முடித்தது. பத்து விநாடிக்குச் சற்று மேல் மிச்சம்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. 2021 ஓட்டத்துக்கு 7 நிமிடம் 30.909 விநாடி என்று இன்னொரு கணக்கும் உண்டு. அது 20.6 கி.மீ. தூரத்துக்கானது. அந்த எண்ணை எடுத்து 2023இன் எண்ணோடு ஒப்பிட்டு “ஐந்து விநாடிதானே!” என்று சொல்பவர்கள் உண்டு. முழம் ஒன்றாக இருந்தால்தான் துணியை அளக்க முடியும்.

சரி, அந்தப் பத்து விநாடி எங்கிருந்து வந்தது? மோட்டார்கள் அதே மூன்று. குதிரைத்திறனும் கூடவில்லை. மாறியவை: வார்ப்பிரும்புப் பிரேக் தட்டுகளுக்குப் பதில் கார்பன்-செராமிக் தட்டுகள், தடத்துக்கென்றே தயாரித்த ஒட்டுப்பிடிப்பு மிகுந்த டயர்கள், அவற்றுக்கேற்ற சக்கரங்கள், அதிக வெப்பம் தாங்கும் பிரேக் திரவம். ஓட வைக்கும் சாமான் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பிடித்து நிறுத்தும் சாமான்கள்.

நிறுத்துவதற்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்று பார்ப்போம். ஓட்டுநரையும் சேர்த்து 2,200 கிலோ என்று வைத்துக்கொண்டால், 200 கி.மீ. வேகத்தில் ஓடும் அந்தக் காரின் இயக்க ஆற்றல் சுமார் 34 லட்சம் ஜூல். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், பத்து லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பம். அடுப்பில் அதற்கு எத்தனை நிமிடம் ஆகும் என்பது வீட்டில் சமைப்பவர்களுக்குத் தெரியும். பிரேக்கோ சில விநாடிகளில் அத்தனையையும் விழுங்க வேண்டும். அடுத்த வளைவில் மறுபடியும் விழுங்க வேண்டும். மின்சாரக் காரில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி ஓரளவு ஆற்றலை பாட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஆனால் பாட்டரி வாங்கிக்கொள்ளும் அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. அழுத்திப் பிடிக்கும்போது மிச்சமெல்லாம் தட்டுகளின் தலையில்தான் விழும். தட்டு அளவுக்கு மீறிச் சூடேறினால் பிரேக் கட்டையின் உராய்வு குறையும். திரவம் கொதித்தால் மிதிகட்டை பஞ்சுபோல் உள்ளே போகும். அப்போது ஓட்டுநர் என்ன செய்வார்? வளைவுக்கு வெகு முன்னதாகவே வேகத்தைக் குறைக்கத் தொடங்குவார். ஆயிரம் குதிரை இருந்தும், கடிவாளத்தில் நம்பிக்கையில்லாதவன் தட்டித்தட்டித்தான் ஓட்டுவான். பிரேக்கில் நம்பிக்கையுள்ளவனே கடைசி வரை வேகமாகப் போகிறான்.

இதற்கு ஒரு மறுப்பு சொல்லலாம். “பத்து விநாடியில் பெரும்பகுதி டயரால் வந்ததாக இருக்கலாமே? இரண்டு ஓட்டத்துக்கும் நடுவே ஒன்றரை ஆண்டுக்கு மேல் இடைவெளி. நாள் வேறு, வெயில் வேறு.” நியாயமான மறுப்புதான். எங்கள் தொழிலில் ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றித்தான் சோதிப்போம். இங்கே எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிட்டார்கள். இத்தனை விநாடி பிரேக்குக்கு, இத்தனை டயருக்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் பிரேக் தட்டு சக்கரத்தைத்தான் பிடிக்கும். சாலையைப் பிடிப்பது டயர். நிறுத்துவது இரண்டும் சேர்ந்துதான். ஆகவே அந்த மறுப்பை ஏற்றுக்கொண்டாலும் என் வாதம் அசையவில்லை.

இதைவிட முக்கியமான செய்தி இன்னொன்று. இந்தப் பிரேக்கும் டயரும் பொருத்திய வண்டிக்குத்தான் கம்பெனி உச்சவேகத்தை மணிக்கு 322 கி.மீ. வரை திறந்துவிட்டது. மோட்டாருக்கு அந்தத் தெம்பு முன்பே இருந்தது. பூட்டு போட்டு வைத்திருந்தார்கள். நிறுத்தும் சாமான் வந்த பிறகு பூட்டைத் திறந்தார்கள்.

ரயில்வேக்காரனுக்கு இது புதிதல்ல. புதிய வகைப் பெட்டி வந்தால், லக்னோவிலுள்ள ஆர்.டி.எஸ்.ஓ. அதை ஓட்டிப் பார்ப்பதோடு விடுவதில்லை. முழு வேகத்தில் அவசரப் பிரேக் போட்டு எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று அளப்பார்கள். சிக்னலுக்கும் சிக்னலுக்கும் உள்ள இடைவெளிக்குள் நிற்காத வண்டிக்கு அந்த வேகம் கிடையாது. நம் பெரம்பூர் ஐ.சி.எப். 1955 முதல் கட்டிவந்த பழைய பெட்டிகளில் பிரேக் கட்டை சக்கரத்தின் விளிம்பையே அழுத்திப் பிடிக்கும். பிறகு வந்த எல்.எச்.பி. பெட்டிகளில் அச்சில் தனித் தட்டு பொருத்திப் பிடிக்கிறார்கள். ராஜதானி, சதாப்தி வண்டிகளின் வேகத்துக்குப் பின்னால் எஞ்சினின் பலம் மட்டுமல்ல, இந்தத் தட்டுகளும் இருக்கின்றன. அதே பெரம்பூரில் 2018இல் உருவான வந்தே பாரத் சோதனையில் 180 கி.மீ. தொட்டபோது பத்திரிகைகள் வேகத்தைத்தான் எழுதின. எங்களைப் போன்றவர்கள் முதலில் கேட்டது, “எத்தனை மீட்டரில் நின்றது?” என்று.

இதையெல்லாம் இந்தப் பத்திரிகையில் எழுதக் காரணம் உண்டு. நாக்பூரிலிருக்கும் நம் குடும்பங்களில் பல, தீபாவளிக்கும் கோடை விடுமுறைக்கும் ரயிலில் இடம் கிடைக்காமல் காரிலேயே ஊருக்குப் போகத் தொடங்கிவிட்டன. தேசிய நெடுஞ்சாலை 44 நம் வாசலிலிருந்து ஆதிலாபாத், ஐதராபாத், கர்நூல், பெங்களூர், கிருஷ்ணகிரி வழியாகச் சேலம், மதுரை என்று கன்னியாகுமரி வரை போகிறது. நல்ல சாலை. நல்ல சாலையாக இருப்பதுதான் ஆபத்து. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் நூற்றுக்கு எழுபத்தொன்று பேர் இறந்தது அதிவேகத்தால் நேர்ந்த விபத்துகளில்.

நம் வண்டிக்கே கணக்குப் போடுவோம். ஐந்து பேர், ஊருக்குக் கொண்டுபோகும் ஆரஞ்சுக் கூடை, பெட்டி, படுக்கை எல்லாம் சேர்த்து 1,600 கிலோ. நூறு கி.மீ. வேகத்திலிருந்து 120க்குப் போனால் வேகம் கூடுவது 20 சதவீதம்; பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் கூடுவது 44 சதவீதம். 120இல் போகும் வண்டி, கால் பிரேக்குக்குப் போகும் ஒரே விநாடியிலேயே 33 மீட்டர் தாண்டிவிடும். நான்குவழிச் சாலையில் காருக்கு மத்திய அரசு 2018இல் அறிவித்த உச்சவரம்பு 100. அது காரணமில்லாமல் வைத்ததல்ல.

இதற்காக யாரும் கார்பன்-செராமிக் தட்டு வாங்க வேண்டாம். அது தடத்துக்கானது, விலையும் நமக்குக் கட்டாது. நம் வேகத்துக்கு இரும்புத் தட்டே போதும், அதைச் சரியாக வைத்திருந்தால். புறப்படும் முன் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கொதிநிலை இறங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் வருகிறது. பிரேக் பிடிக்காமல் லாரிகள் முன்னால் போகும் வண்டிகள் மேல் மோதும் செய்தி அங்கிருந்து வராத ஆண்டில்லை. அந்த இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே இறங்காமல் கீழ் கியரில் போட்டு இறங்குங்கள். பின்னால் வரும் லாரிக்கும் இடம் விடுங்கள்.

வேகம் பார்க்கத்தான் வேண்டும் என்ற இளைஞர்களுக்கும் ஊர்ப்பக்கம் இடமிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை அருகே காரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் பந்தயத்தடங்கள் உள்ளன. எதிரே மாடு வராது, குறுக்கே பள்ளிப் பிள்ளை வராது.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை புதுக்கார் வாங்கிக்கொண்டு வந்து சாவியைக் காட்டும்போது, “நூறைத் தொட எத்தனை விநாடி?” என்று கேட்டு அவன் பெருமையை ஊதிவிடாதீர்கள். “நூறிலிருந்து நிற்க எத்தனை மீட்டர்?” என்று கேளுங்கள். அவனுக்குப் பதில் தெரியாவிட்டால், அதைத் தெரிந்துகொண்ட பிறகு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் புறப்படட்டும்.